பயந்த இடங்களையெல்லாம் எழுதிவைத்த நேசபாய் அம்மையாருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகளாக, முதல் மணி அடிக்கும் முன்னரே முற்றத்தில் வந்து நின்றவரே! பூதப்பாண்டி வட்டாரத்துப் பிள்ளைகளின் நாவில் புதுமொழியைப் பொறுமையோடு பூட்டியவரே! பெட்டி கட்டிப் புறப்பட்டவர்க்கெல்லாம் பேச்சும் பிடிமானமும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தவரே! ஆங்கில ஆசிரியை, அருமை அம்மையார், நேசபாய் அவர்களே! எங்கள் பள்ளிக் குடும்பத்தின் வணக்கம்.

இப்பள்ளியின் கூட்ட அறைச் சுவரில் பதினெட்டுப் பாராட்டு மடல்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சொற்கள். பெயரை மட்டும் மாற்றினால் ஒருவருடைய மடல் இன்னொருவருக்குப் பொருந்திவிடும். உங்களுக்கும் அப்படி ஒன்றை எழுதித் தர எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே இம்மடலைத் தாளாளர் தாணுலிங்கம் அவர்கள் தம் கைப்பட எழுதியிருக்கிறார். தம்மைப் பற்றி எழுத நேர்ந்த இடங்களிலும் ‘நான்’ என்று எழுதவில்லை. பள்ளித் தாளில் ‘நான்’ என்று எழுதும் வழக்கம் அவர் தந்தையார் காலம் முதலே இங்கு இல்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஆனி மாதம், மழையில் நனைந்த குடையோடு வந்து பணியில் சேர்ந்தீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்தினீர்கள். பதினாறு ஆண்டுகள் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஒரு பிள்ளையும் தவறவில்லை. இவையெல்லாம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கின்றன. பதிவேட்டில் இல்லாதது உங்கள் சனிக்கிழமை மாலை வகுப்பு. வளைகுடாவுக்குப் போகிற தொழிலாளி, நர்சு வேலைக்குப் போகிற பெண், படகு வேலைக்குப் போகிற முட்டத்து மீனவர், மகள் வீட்டுக்குப் போகிற தாய், இவர்களுக்கெல்லாம் பயணத்துக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களை இருபத்திரண்டு ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த வகுப்பின் அருமை இப்பள்ளி நிர்வாகத்துக்குச் சென்ற ஆண்டுவரை தெரியாது. தெரிந்த விதத்தை இந்தச் சபையில் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு ஆனியில் ஒரு சனிக்கிழமை காலை, தாளாளர் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. சலாலாவிலிருந்து முட்டத்து யோவான் பேசினார். தாளாளரின் தம்பி கோலப்பன் அங்கே பத்தொன்பது ஆண்டுகளாக மின்பணியாளர். யோவான் அவருடைய அறைத் தோழர்.

“அண்ணாச்சி, பயப்படாதீய. ஆளுக்கு நெனவு இருக்கு. நெஞ்சுல மூணு எடத்துல அடைப்பாம். வியாழக்கெழமை காலம்பற எட்டு மணிக்கு ஆபரேஷன். அக்காவைப் பாக்கணும்னு ஒரே சொல்லாச் சொல்லுகான்.”

அக்கா என்றது கோலப்பனின் மனைவி நாகம்மையை. ஐம்பத்தாறு வயது. ஒரே மகள் சபிதா புனேயில் நிறைமாதக் கர்ப்பிணி. தாளாளரின் கடவுச்சீட்டோ காலம் கடந்து அலமாரியில் கிடந்தது. போவதானால் நாகம்மை ஒருத்திதான் போக வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கணவர் வற்புறுத்தி எடுத்துக் கொடுத்த கடவுச்சீட்டு அவளிடம் இருந்தது. அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை திருவனந்தபுரம் விமான நிலையம் வரை கணவரோடு போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவள் பார்த்ததில்லை. யோவான் பேசி முடித்ததும் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கணவரின் நெஞ்சு அல்ல, அந்தக் கதவு. அப்படி நினைத்ததற்காக அவள் பல நாள் தன்னையே நொந்துகொண்டாள் என்பது பிறகு எங்களுக்குத் தெரிந்தது.

யோவான் ஒரு வழி சொன்னார். “மஸ்கட்டுல எறங்கி வேற பிளைட்டு மாறணும். பேசாம வீல்சேர் கேட்டுப் போடுங்க. தள்ளுறவனே கொண்டு போய் அடுத்த பிளைட்டுல ஏத்திருவான். பாஷை தெரியாத அம்மமாரெல்லாம் இங்க அப்படித்தான் வருதாவ.”

“நல்லா நடக்கக்கூடிய பொம்பளைய நடக்க முடியாதவன்னு எழுதிக் கொடுக்கவா?” என்றார் தாளாளர். “எங்க அப்பா பேருல அப்படி ஒரு பொய் ஏறாது.”

அது ஒரு பழக்கம்தான், யாருக்கும் கேடில்லாத பழக்கம் என்று வீட்டுப் பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள். தாளாளர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இதை எழுதுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை.

அன்று மாலையே நாகம்மை உங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். வேறு ஆசிரியராக இருந்தால் எழுத்துத் தெரியுமா, எத்தனாம் வகுப்பு என்று கேட்டிருப்பார். நீங்கள் வேறொன்று கேட்டீர்கள்.

“எதுக்குப் பயம் மக்கா?”

“எல்லாத்துக்கும் டீச்சர்.”

“எல்லாத்துக்கும்னா நாலு நாள் பத்தாது. ஒண்ணொண்ணாச் சொல்லு.”

பிறகு ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்தீர்கள். அட்டை கிழிந்து, மாட்டுத்தோல் போல் பழுத்த நோட்டு. அதில் சொற்கள் அகரவரிசையில் இல்லை. சொந்த வீட்டு வாசலில் இறங்கி அயலூர் வாசலில் ஏறுகிறவரை ஒரு மனிதர் எந்த வரிசையில் நடப்பாரோ அந்த வரிசையில் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு பெயர். செக்-இன் என்ற இடத்தில் எபிசன்: பெட்டியைக் கொடுத்தால் திரும்ப வராது என்று பயந்து கைப்பிடியை விடாமல் நின்றவர். செக்யூரிட்டிக்கு எதிரே சொர்ணம்மாள்: தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று நடுங்கியவர். டிலே என்ற சொல்லுக்கு எதிரே முட்டத்து லீமா: விமானமே இனி இல்லை என்று நினைத்து அழுதவர். டிரான்ஸ்பர் என்பதற்கு எதிரே இஸ்ரவேல்: முன்னால் போன கூட்டத்தோடு போய் வேறு வாசலில் நின்றவர். அறுபத்து நான்கு சொற்கள், அறுபத்து நான்கு பேர். ஒவ்வொருவரும் பயந்த இடம், பயந்த விதம், பிறகு தப்பிய விதம். இருபத்திரண்டு ஆண்டுகளாக, போய்விட்டு வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்திருந்தீர்கள்.

அதிலிருந்து நாகம்மைக்குப் பதினான்கு சொற்களை எடுத்து, சனிக்கிழமைக்குக் காத்திராமல் நாள்தோறும் சொல்லிக் கொடுத்தீர்கள். கூடவே, இருபத்து நான்கு மணிக் கடிகாரத்தில் பன்னிரண்டைக் கழிக்கிற கணக்கு. கடைசியாக ‘ப்ளீஸ் ரைட்’. யாராவது தெரியாத சொல்லைச் சொன்னால் பதறாமல் தாளையும் பேனாவையும் நீட்டி இப்படிக் கேட்டுவிடு என்றீர்கள்.

உங்கள் வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. அன்றன்று படித்த சொல்லை அன்று பொழுது சாய்வதற்குள் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். திங்கள்கிழமை பிற்பகல் நாகம்மையை வடசேரி பேருந்து நிலையத்துக்கு அனுப்பினீர்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரக் காப்பாளரின் சன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு பேருந்துகள் வந்து போயின. மூன்றாவது வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டாள்.

“எக்ஸ்கியூஸ் மீ. விச் பிளாட்பாரம்? பூதப்பாண்டி பஸ்.”

நேரக் காப்பாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்னம்மா, போன வாரம் வரைக்கும் தமிழ்லதானே கேட்டிய?”

பக்கத்தில் நின்ற நடத்துநர் விடுவாரா? “அண்ணே, பூதப்பாண்டிக்குப் பிளைட்டு விட்டுட்டானுவளா? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல பாருங்க!”

“ஏட்டி, மைனிகிட்ட பாஸ்போர்ட்டு இருக்கான்னு கேளு!” என்று பூக்காரி ஒருத்தி மற்றொருத்தியிடம் கூவினாள். அந்த வரிசையே சிரித்தது.

நாகம்மைக்குக் காது மடல் எரிந்தது. ஓடிவிடலாம் என்று கால் திரும்பியது. ஆனால் அன்றைக்குப் படித்தவை இரண்டு சொற்கள், ஒன்றுதான் முடிந்திருந்தது. திரும்ப வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “டிலே?” என்றாள்.

நேரக் காப்பாளர் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நிலையம் முழுக்கக் கேட்கும்படி, “டென் மினிட்ஸ் டிலே, மேடம்!” என்றார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

அவள் வீடு வந்து சேர்வதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே உங்கள் வகுப்புக்கு வந்தார். “டீச்சர், எங்க வீட்டுப் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நின்னு ஊர் சிரிக்கப் பேசணுமா? இதுக்கா அனுப்பி வச்சோம்?”

நீங்கள் எழுந்து நின்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. “ஐயா, அங்க போய் முதல் தடவையா வாயைத் தொறந்தா சத்தம் வெளிய வராது. முப்பது நர்சுப் பிள்ளையள் என்கிட்ட சொன்னது இதுதான். சிரிக்கிறவங்க நம்ம ஊர்க்காரங்களா இருக்கும்போதே அவ தொறந்து பழகட்டும். சிரிப்பு போதும்னு நீங்க சொன்னா நிறுத்திருதேன். வியாழக்கெழமைக்கு அவ போய்ச் சேரல்லன்னா அதுக்கு யாரு பதில் சொல்லுகது?”

செவ்வாய்க்கிழமையும் நாகம்மை வடசேரிக்குப் போனாள்.

அன்று மாலை விசா வந்தது. கடைசிப் பாடம் முடிந்து எழுந்தபோது அவள் உங்களிடம் கேட்டாள்: “டீச்சர் முதல் தடவை பிளைட்டு ஏறும்போது பயந்தியளா?”

நீங்கள் மறைக்கவில்லை. “நான் ஏறினதே இல்ல மக்கா. கொச்சிக்கு அந்தப்பக்கம் போனதில்ல.”

இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றின் மறுநுனி எதிலும் கட்டப்படவில்லை என்று நாகம்மைக்குத் தோன்றியது. “அப்ப இந்த வார்த்தையெல்லாம்?”

“போனவங்க சொன்னது. எனக்கு அதுல தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். இத்தன பேரு பயந்தாவ. அத்தன பேரும் போய்ச் சேந்தாவ.”

அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்டோம். இல்லை என்றாள். அன்று இரவு உண்ணவும் முடியவில்லை என்றாள்.

தாளாளர் தம் பங்குக்கு ஒன்று செய்தார். பள்ளியின் தலைப்புத் தாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். இதைக் கொண்டுவரும் நாகம்மை இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவர், இவருடைய மாமனார் இப்பள்ளியை நிறுவியவர், இவருக்கு உரிய மரியாதை அளித்து வேண்டிய உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, ஊதா மையில் வட்ட முத்திரையும் இட்டார். “யாருகிட்டயும் கெஞ்சாண்டாம். இதைக் காட்டு, போதும்” என்று அவள் கையில் கொடுத்தார்.

புதன்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கே வேன் பிடித்து வீடே வழியனுப்பப் போனது. பதினோரு பேர். நல்ல மழை. மலையாள எல்லையான களியக்காவிளையில் லாரிகள் வரிசைகட்டி நின்று ஒரு மணி நேரம் நகரவில்லை. “அங்க முழுக்க மலையாளிதான். களியக்காவிளை தாண்டின மாதிரிதான் இருக்கும், பாரு” என்று ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். விமான நிலையம் வந்ததும் கண்ணாடிக் கதவில் பத்துப் பேரும் நின்றுவிட, நாகம்மை மட்டும் உள்ளே போனாள். போய்த் திரும்பிப் பார்த்தபோது எல்லாருடைய வாயும் அசைந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மழையில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அறிவிப்புப் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. லீமா அழுத இடம் இது. அவள் அழவில்லை. ஆனால் விமானம் தரையை விட்டபோது காது அடைத்து, பக்கத்தில் இருந்தவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆனதும், தனக்கும் ஏதோ ஆகிவிட்டது, கணவன் மனைவி இருவரும் ஒரே வாரத்தில் போகப்போகிறோம் என்று உறுதியாக நினைத்துக்கொண்டாள். காது அடைக்கும் என்று அந்த நோட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மஸ்கட்டில் இறங்கும்போது உள்ளூர் மணி பன்னிரண்டே முக்கால். சலாலா விமானம் பன்னிரண்டு ஐம்பதுக்கு. கடவுச்சீட்டில் முத்திரை வாங்கி வெளியே வருவதற்குள் அது போய்விட்டது. சுவரோரம் சக்கர நாற்காலிகள் வரிசையாகப் போயின. அவளைப் போலவே சேலை கட்டிய வயதான தாய்மார் கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்ற கவலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியையும் ஒருவர் தள்ளிக்கொண்டு போனார். அந்த நிமிடத்தில் உலகத்திலேயே பெரிய பாக்கியம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. யாரையும் அழைக்க முடியாது. மலையாளி கிடைப்பார் என்று தேடினாள். சுருள் முடிக்கார வாலிபன் ஒருவனிடம், “சேட்டா” என்று தொடங்கினாள். அவன் வங்காளி. இன்னொரு பெண் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டு நடந்தாள். கூட்டம் ஒரு பக்கமாகப் போனது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. இஸ்ரவேல் போனது இப்படித்தான் என்று நினைவு வந்து நின்றாள். நிமிர்ந்து பலகைகளைப் படித்தாள். டிரான்ஸ்பர் என்ற சொல் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் அம்பு காட்டியது. அவள் ஒருத்தியாக அந்தப் பக்கம் நடந்தாள். செருப்புச் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது என்றாள்.

அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். நாகம்மை மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து இரு கையாலும் நீட்டினாள். அந்தப் பெண் மரியாதையாக வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். முத்திரையைப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு, “மேடம், வேர் ஆர் யூ கோயிங்?” என்று கேட்டாள்.

அந்த ஒரு பக்கக் கடிதத்தில் குடும்பம் இருந்தது, பள்ளி இருந்தது, மாமனார் பெயர் இருந்தது. அவள் எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்பது ஒரு வரியிலும் இல்லை. எழுதியவருக்கு அது தோன்றவில்லை.

நாகம்மை கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். வடசேரியில் ஊர் சிரிக்கத் திறந்த அதே வாய்.

“சலாலா. கனெக்டிங் பிளைட் மிஸ்ட். ஹஸ்பண்ட் ஹாஸ்பிடல். ஆபரேஷன் டுமாரோ மார்னிங் எய்ட். நெக்ஸ்ட் பிளைட், ப்ளீஸ்.”

சத்தம் வந்தது.

அந்தப் பெண் கணிப்பொறியைத் தட்டினாள். உதட்டைக் கடித்தாள். சலாலாவில் சாரல் காலம். மழையைப் பார்க்க அந்த நாடே அங்கே போகிற மாதம். நாளை நண்பகல் வரை எல்லா இடமும் நிறைந்திருந்தது. அவள் ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல் பதினான்கிலும் இல்லை, அறுபத்து நான்கிலும் இருந்ததாக நினைவில்லை. நாகம்மைக்குக் கண் இருட்டியது. அது மாட்டேன் என்ற சொல்லா, திரும்பிப் போ என்ற சொல்லா? தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

“ப்ளீஸ் ரைட்.”

அந்தப் பெண் எழுதினாள்: ஸ்டாண்ட்பை. அதன் கீழே 15:30. அதற்கும் கீழே, இங்கேயே காத்திருங்கள், யாராவது வராவிட்டால் அந்த இடம் உங்களுக்கு என்று சின்னச் சின்னச் சொற்களாக. நாகம்மை பதினைந்திலிருந்து பன்னிரண்டைக் கழித்தாள். மூன்றரை.

உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்கள். அவள் உட்காரவில்லை. கண்ணை விட்டு மறைந்தால் மறந்துவிடுவார்கள் என்ற பயத்தில் இரண்டு மணி நேரம் அந்த மேசைக்கு முன்னாலேயே நின்றாள். தண்ணீர் குடிக்கவில்லை. கழிவறைக்கும் போகவில்லை. ஒவ்வொரு பயணியாக வந்து வரிசையில் சேரும்போதும், அவருடைய இடம்தான் என் இடம், அவர் வந்துவிட்டார் என்று எண்ணினாள். முன்பின் தெரியாத மனிதர்கள் வராமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியதற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். மூன்றே கால் ஆயிற்று. மூன்று இருபது. வாசலை மூடப்போகிறார்கள் என்பதுபோல் ஒருவர் கயிற்றை எடுத்தார். அப்போது அந்தப் பெண் தலையை உயர்த்தி, ஒரு சீட்டை அச்சிட்டு, அவளே கையைப் பிடித்து ஓட்டமாக அழைத்துப்போய் வாசலில் விட்டாள். யாரோ ஒருவர் வரவில்லை. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. நலமாக இருக்கட்டும்.

சலாலாவில் யோவான் மதியத்திலிருந்தே காத்து நின்றார். மருத்துவமனை போய்ச் சேரும்போது மாலை ஆறரை. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வார்டு வாசலில் ஓர் ஆளை மட்டும்தான் விடுவார்கள் என்று யோவானை நிறுத்திவிட்டார்கள். நீல உடுப்பு நர்சு ஒருத்தி நாகம்மையை மேலும் கீழும் பார்த்து, ஆங்கிலத்தில், நீங்கள் யார் என்று கேட்டாள்.

பைக்குள் கடிதம் இருந்தது. அதில் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் நிறையப் பதில் இருந்தது. நாகம்மை அதை எடுக்கவில்லை.

“வொய்ஃப்” என்றாள்.

கதவு திறந்தது.

கோலப்பன் மூக்கில் குழாயோடு சாய்ந்து கிடந்தார். பாதியாக இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் கண்கள் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யாரையோ தேடின. கதவு மூடியது. யாரும் வரவில்லை.

“ஏட்டி, யாரு கூட வந்தே?”

“ஒத்தைக்குத்தான் வந்தேன்.”

அவர் நம்பவில்லை. “அண்ணன் வெளிய நிக்காவளா?”

“இல்ல. ஒத்தைக்கு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அந்தக் கதவுவரை அவர் அவள் கையை விடவில்லை. கதவு திரும்பத் திறந்தபோது பிற்பகல் ஒன்று. அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி நாகம்மை யாரிடமும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கோலப்பன் இன்று இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மையீர்! குடும்பத்தின் மானம் வாயை மூடிக்கொண்டிருப்பதில் இருக்கிறது என்று எண்பது ஆண்டுகளாக எண்ணியிருந்த வீடு எங்கள் வீடு. எங்கள் வீட்டுப் பெண் அந்நிய மண்ணில் வாயைத் திறந்துதான் அந்த மானத்தைக் காத்தாள். திறக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். உங்கள் வகுப்பில் வந்து குரலை உயர்த்தியதற்காகத் தாளாளர் இந்தச் சபையின் முன் வருந்துகிறார். அவர் இதுவரை யாரிடமும் இச்சொல்லைச் சொன்னதில்லை. ஆகவே எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உங்கள் வகுப்பறைக் கதவைத் தள்ளிப் பார்க்க எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. அதை மறைப்பதற்கில்லை. நீங்கள் வணங்கும் கர்த்தரும் நாங்கள் வணங்கும் தெய்வங்களும் உங்கள் காலுக்கு வலுவும் கண்ணுக்கு ஒளியும் குரலுக்குக் கணீரென்ற கனமும் குறையாமல் தரட்டும். நோய் அண்டாமல், நொடி அறியாமல், மக்கள் சூழ, மனம் நிறைய நெடுங்காலம் வாழ்வீர்கள்.

ஓய்வு பெறுபவர்க்குப் பொன்னாடை போர்த்துவது இப்பள்ளியில் தாளாளரின் உரிமை. நிறுவிய நாள் முதல் வேறு எவர் கையும் அதைச் செய்ததில்லை. இன்று நாகம்மை போர்த்துவாள். தாளாளர் எழுந்து நிற்பார்.

இங்ஙனம்,
தாணுலிங்கம், தாளாளர்,
தலைமையாசிரியர், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்,
பூதப்பாண்டி